சுவரைப் பார்த்துக் கேட்டவர்

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மிளகாய் மண்டியின் மேல்மாடியில் நாங்கள் இருவரும் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தோம். என் அறைக்கும் அவர் அறைக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். அதில் ஒரு பலகை சுருங்கி, விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. இரண்டாம் உலக யுத்தம் ஆரம்பிப்பதற்குச் சற்று முந்தைய காலம். நான் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்குச் சேலத்துச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் எழுத உட்கார்ந்தால் தடுப்புக்கு அப்பாலிருந்து இரண்டு சத்தங்கள் வரும். ஒன்று, கல்லூரி மாணவன் யாராவது இங்கிலீஷில் உரக்க வாசிப்பது. இன்னொன்று, நிலக்கடலை உடைபடுவது.

கடலை உடைந்துகொண்டிருக்கும் வரை வாசிப்பு ஓடும். கடலைச் சத்தம் நின்றால் வாசிப்பும் நிற்கும்.

"என்னங்ணா?"

"ஒண்ணுமில்லீங்க. புரியலே."

"எதுங்ணா?"

"இப்ப வாசிச்சீங்களே, அது."

"மறுபடி வாசிக்கட்டுங்களா?"

"மறுபடி வாசிச்சா அதேதானுங்களே வரும். அது என்னன்னு சொல்லுங்க."

பிறகு அந்த மாணவன் தமிழில் ஏதோ முணுமுணுப்பான். இவர், "ம்", "அப்புறம்?", "அதை யாரு பாத்தது?" என்று கேட்பார். கடைசியில் மாணவன் ஒரு வாக்கியத்தைச் சொல்லுவான். கடலை மறுபடி உடையத் தொடங்கும்.

அவருக்கு வயது இருபத்து நாலோ ஐந்தோ இருக்கும். நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையில் ஏதோ கிராமம். அண்ணன் வெள்ளாமை பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்துதான் கடலை மூட்டை வரும். மண்டிக்கு வரும் தந்திகளையும் ரயில் ரசீதுகளையும் படித்துச் சொல்வதற்காக மண்டி முதலாளி அவருக்கு அறையைச் சும்மா விட்டிருந்தார். இன்டர்மீடியட்டில் இங்கிலீஷில் தவறியவர். எத்தனை முறை என்பதில் கருத்து வேற்றுமை உண்டு.

தவறியதற்குக் காரணம் என்று ஒரு கதை சொன்னார்கள். பனி பொழிவதை வர்ணிக்கச் சொல்லிக் கேள்வி வந்ததாம். "நான் பனி பொழிந்து பார்த்ததில்லை. எங்கள் தோட்டத்தில் ஒருமுறை ஆலங்கட்டி விழுந்தது, அதைப் பற்றி எழுதுகிறேன்" என்று ஆரம்பித்து எழுதினாராம். ஒருநாள் அவரிடமே விசாரித்தேன். "ஆலங்கட்டி உளுந்தது நெசமுங்க" என்றார். அதற்கு மேல் ஒன்றும் வாங்க முடியவில்லை.

அவரிடம் வந்தவர்கள் எல்லோரும் ஒரே கல்லூரி மாணவர்கள். ஊருக்கு வெளியே புளியமரச் சாலையில், ஒரு பழைய ஜமீன் பங்களாவை வாடகைக்கு எடுத்து அந்தக் கல்லூரியை நடத்தினார்கள். சில வருஷங்கள் நடந்து பின்னால் மூடப்பட்டுவிட்டது. ராசிபுரம், ஆத்தூர், ஓமலூர் என்று சுற்று வட்டாரத்திலிருந்து வந்து படித்தார்கள். அவர்கள் குடும்பங்களில் அதுவரை யாரும் இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதியதில்லை. கல்லூரியில் கட்டுரை எழுதச் சொல்வார்களே தவிர, எப்படி எழுதுவது என்று யாரும் சொன்னதில்லை; எழுதியதைக் காது கொடுத்துக் கேட்கவும் இவரைத் தவிர ஆள் இல்லை. அதனால் கடைவீதியில் பச்சை அட்டை போட்ட ஒரு மாதிரிக் கட்டுரைப் புத்தகம் விற்றது. மாணவர்கள் அதற்கு வைத்த பெயரே பச்சை அட்டைதான். பசு, நதி, நட்பு, சந்தை, நேரத்தின் அருமை, எல்லாம் அதில் இருந்தன.

இவருக்குப் பச்சை அட்டை முழுவதும் மனப்பாடம். ஒரு தடவைகூடப் பிரித்துப் பார்த்தவர் அல்ல. ஆளுக்கு ஆள் அதையே வாசித்துக் காட்டிக் காதில் ஏற்றிவிட்டார்கள். சந்தையைப் பற்றிய கட்டுரையில் கன்னம் சிவந்த பால்காரிகள் வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் விற்பார்கள். கூடை கூடையாக ஆப்பிள் இருக்கும். சேலத்துச் செவ்வாய்ச் சந்தையில் இந்த மூன்றையும் நான் கண்டதில்லை. ஓமலூரிலிருந்து வந்த ராமசாமி என்ற மாணவன், வகுப்பிலேயே பெரிய கேலிக்காரன், ஒருநாள் துணிந்து ஆப்பிளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கத்தரிக்காயைப் போட்டுக்கொண்டு வந்தான். அடுத்த வரியில் அதைக் கடித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்ததாக இருந்ததை மாற்ற மறந்துவிட்டான்.

கடலைச் சத்தம் நின்றது.

"பச்சையாவேங்களா?" என்றார்.

நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பலகை இடைவெளியில் ஒருமுறை பார்த்தபோதுதான் அவர் கேட்கும் முறை எனக்குத் தெரிந்தது. வாசிப்பவன் அறை நடுவில் நின்றான். இவர் பாயில் சுவரைப் பார்த்து, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் கடலை. தாளை அவர் பார்க்கவே இல்லை. கடைசி வரை திரும்பவும் இல்லை.

மறுநாள் காரணம் கேட்டேன்.

"மூஞ்சியைப் பாத்தா எரக்கம் வந்துருமுங்க. புரியாததுக்கும் தலையை ஆட்டிருவன். பேப்பர் திருத்தறவன் இவிங்க மூஞ்சியையா பாக்கறான்? அவன் எங்கியோ மெட்ராசுல உக்காந்திருக்கறான்."

"தாளையாவது வாங்கிப் பார்க்கலாமே?"

"பாத்தா கை சும்மா இருக்காதுங்க. ஒரு வார்த்தையை அடிப்பன், ஒண்ணைப் போடுவன். கை என்னுதுன்னா மார்க்கும் என்னுதாயிருமுங்க. எனக்கு மார்க்கு வேணும்னா நான் போயி எழுதிக்கறனுங்க."

இதை ஒரு கொள்கை மாதிரிச் சொல்லவில்லை. மண்டியில் விலை சொல்லுகிற குரல்தான். ஆனால் அதிலிருந்து ஒரு நூல் இழை அசைந்து நான் பார்த்ததில்லை. ராசிபுரம் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் தம் மகனுக்குப் பிரிவுபசாரப் பிரசங்கம் ஒன்று எழுதித் தரச் சொல்லி வண்டி கட்டிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு குடம் நெய். இவர் எழுந்து நின்று, பாய் விரித்து, தண்ணீர் கொடுத்து, ஊர் மழை நிலவரம் எல்லாம் விசாரித்து, "பையனைப் பேசச் சொல்லுங்க, நான் கேட்டுக்கறனுங்க" என்றார்.

"அவனுக்குப் பேச வந்தா நான் எதுக்குங்க வாரேன்?" என்றார் பண்ணைக்காரர்.

"அப்பப் பிரிவுபசாரம் எதுக்குங்க? சும்மா பிரிஞ்சுக்கலாமுங்களே."

நெய்க்குடம் வந்த வழியே திரும்பிப் போனது. எனக்குக்கூட வருத்தந்தான்.

அவர் மரியாதையில் குறை வைத்தவர் அல்ல. தம்மைவிட ஆறேழு வயது சிறியவர்களையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். கோபம் வந்தால் 'சாமி' என்பார். "இது பொய்யுங்க, சாமி" என்று அவர் சொன்னால் அதற்குப் பிறகு அந்த வரி தாளில் இருக்காது. இந்த மரியாதையே சிலரைக் கொன்றது என்றும் சொல்ல வேண்டும். கெங்கவல்லியிலிருந்து வந்த ஒரு மாணவன், கூச்சக்காரன், தாய் இறந்ததைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தான். வாசிக்கும்போதே குரல் உடைந்தது. கடலைச் சத்தம் நின்றது. நான் இந்தப் பக்கம் காத்திருந்தேன், இப்போதாவது திரும்புவார் என்று.

"'துக்கக் கடலில் மூழ்கினேன்'னு இருக்குதுங்களே, அது பச்சை அட்டையில ராஜா செத்ததுக்குப் போட்டிருக்குதுங்க" என்றார் சுவரைப் பார்த்து.

அவன் அதற்குப் பிறகு வரவில்லை. பச்சை அட்டையை வைத்தே பரீட்சையில் தேறி, பின்னால் ரெவின்யூ இலாகாவில் நல்ல உத்தியோகத்துக்குப் போனான். இவரிடம் அதைச் சொன்னேன். "நல்லா இருக்கட்டுங்க" என்றார். தாம் செய்தது தப்பு என்று அவர் நினைத்ததாக எனக்குத் தெரியவில்லை. நான் தப்பு என்றுதான் நினைத்தேன். இன்றும் அப்படித்தான்.

என்னையும் அவர் விடவில்லை. ஓமலூரில் ஒரு தீ விபத்து என்று செய்தி வந்தது. நான் எழுதி முடித்து, சத்தமாக ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். அது என் வழக்கம். 'பலத்த சேதம் ஏற்பட்டிருப்பதாகத் தெரியவருகிறது' என்று முடித்தபோது தடுப்புக்கு அப்பால் கடலை நின்றுவிட்டது.

"யாருக்குங்க தெரிய வந்துச்சு?" என்றது பலகை.

"போலீசாருக்கு."

"அவிங்க பாத்தாங்களா?"

"ஊரார் சொல்லியிருக்கிறார்கள்."

"ஊராருன்னா யாருங்க?"

யோசித்துப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு வண்டிக்காரர் என்னிடம் சொன்னதுதான். காலையில் ஓமலூருக்கு பஸ் ஏறினேன். எரிந்திருந்தது ஒரு வைக்கோற்போர். அந்தச் செய்தியை நான் அனுப்பவில்லை. 'தெரியவருகிறது' என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் பயன்படுத்திய இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்தக் கல்லூரியில் ஒரு ஏற்பாடு இருந்தது. வருஷக் கடைசியில் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஓர் இங்கிலீஷ் கட்டுரை எழுதிக்கொண்டு வந்து கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் யூனிவர்சிட்டிப் பரீட்சைக்கு யாரை அனுப்புவது என்று முடிவு செய்வார்கள். பிறர் எழுதியதைத் தன்னுடையது என்று கொடுப்பவன் அனுப்பப்பட மாட்டான் என்று நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருந்தது. அந்த வருஷத் தலைப்பு சந்தை நாள். வகுப்பில் முப்பது சொச்சம் பேர். இவரிடம் எதை வாசித்திருந்தாலும், கொடுக்கிறபோது பயந்து எல்லோருமே பச்சை அட்டைச் சந்தையில் ஆப்பிள்தான் வாங்கினார்கள், ஒருவனைத் தவிர.

அந்த ஒருவன் அர்த்தநாரி. ராசிபுரத்தில் தறிக்காரக் குடும்பம். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டில் இரண்டு தறி போட்டிருந்தார்கள். இவன் கல்லூரிக்கு வந்ததால் சித்தப்பா பேச்சை நிறுத்தியிருந்தார். கல்லூரிக் கட்டணச் சலுகை ஒரு தடவைக்குத்தான். இந்த வருஷம் பரீட்சை எழுதாவிட்டால் நேரே தறிக்குழியில் கால் வைக்க வேண்டியதுதான். இதை அவன் மறைத்ததில்லை. ராமசாமி அவனை "காலேஜுத் தறி" என்றுதான் கூப்பிடுவான்.

அர்த்தநாரி முதல் நாள் வாசித்தது எனக்கு நினைவிருக்கிறது. 'சந்தைக்கு வரும் நெசவாளர்கள் ஏழைகள், அவர்கள் நிலை பரிதாபமானது.' கடலை நின்றது.

"புரியலீங்க."

"ஏழைங்கன்னா ஏழைங்கதான்ணா. அதுல என்ன புரியறதுக்கு இருக்குது?"

"எப்படிங்க தெரிஞ்சுச்சு?"

"பாத்தாத் தெரியாதா?"

"பாத்ததைச் சொல்லுங்க."

அடுத்த நாளும் இவருக்குப் புரியவில்லை. அதற்கடுத்த நாளும். அர்த்தநாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு எதுதான்ணா புரியும்? எங்கப்பன் வேட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயி யாவாரி முன்னால நிக்கறாரு. யாவாரி துணியை இழுத்துப் பாக்கறான், பொடணியைச் சொறியறான், வேற யாரோடயோ பேசறான். எங்கப்பன் இந்தப் பக்கம் ஓரத்தைப் புடிச்சுக்கிட்டே நிக்கறாரு. அவன் விலை சொல்ற வரைக்கும் ஓரத்தை உடமாட்டாரு. உட்டா அது அவன் துணியாயிரும். போதுமா?"

கடலை உடைந்தது.

"இங்கிலீசுல சொல்லுங்க" என்றார்.

அர்த்தநாரியின் கட்டுரையில் அந்த வரி அப்படியே வந்தது. விலை சொல்லப்படும் வரை என் தகப்பனார் துணியின் ஓரத்தை விடவில்லை. இங்கிலீஷில் அது மிகச் சின்ன வாக்கியம். சின்னச் சின்ன வார்த்தைகள். இலக்கணப் பிழை வேறு இடங்களில் இருந்தது, அந்த வரியில் இல்லை.

இங்கிலீஷ் விரிவுரையாளர் நல்ல மனிதர்தான். கடமையில் கெட்டிக்காரர். அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு இழுத்துவிட்டு அர்த்தநாரியைக் கூப்பிட்டு, "இது உன்னுடையதா?" என்று இங்கிலீஷில் கேட்டார். அர்த்தநாரிக்கு இங்கிலீஷில் பேச வராது. அதுவும் அவர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவன் நின்ற நிலையே சாட்சியாகிவிட்டது. மற்றவர்களுடைய கட்டுரைகள் எங்கிருந்து வந்தன என்று அவருக்குத் தெரியும். தெரிந்த இடத்திலிருந்து வந்ததால் அதில் அவருக்குச் சந்தேகம் எழவில்லை. இது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஆகவே இது திருட்டு. மிளகாய் மண்டி மாடியில் ஒரு 'இன்டர் பெயில்' மாணவர்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு எழுதித் தருகிறான் என்ற பேச்சு அவர் காதுக்கு முன்பே எட்டியிருந்தது.

விஷயம் முதல்வரிடம் போனது. முதல்வர் இரக்கப்பட்டார். 'இது என் சொந்த எழுத்து அல்ல, இன்னார் எழுதித் தந்தது' என்று அர்த்தநாரி ஒரு வாக்குமூலம் கொடுத்தால் மன்னித்து, வேறு கட்டுரை வாங்கிக்கொண்டு பரீட்சைக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். கொடுக்காவிட்டால் அனுப்ப முடியாது. யோசிக்க ஒரு நாள் அவகாசம்.

அன்று சாயங்காலம் அர்த்தநாரி மாடிக்கு வந்தான். பின்னாலேயே ராமசாமியும் வகுப்பில் பாதிப் பேரும் வந்துவிட்டார்கள். சத்தம் கேட்டு நானும் போய்க் கதவோரம் நின்றேன்.

"நீங்க எழுதினதாச் சொல்லிருங்ணா" என்றான் அர்த்தநாரி. "ஒரே வார்த்தை. உங்களுக்கு என்ன போவுது? நீங்க முன்னாடியே பெயிலு."

யாரும் சிரிக்கவில்லை. அவர் அன்று திரும்பித்தான் உட்கார்ந்திருந்தார். அவன் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் போகாதுங்க."

"பின்னே?"

"உங்கப்பன் அந்த ஓரத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னாரே, அது யாருங்க பாத்தது? நானுங்களா?"

"நான்தான்."

"நான் எழுதினேன்னு சொன்னா, நான்தான் பாத்தன்னு ஆகுமுங்க. நான் உங்க அப்பாவைக் கண்டதே இல்லியே, சாமி."

"அப்ப நான் தறிக்குப் போறதா?"

அவர் மடியிலிருந்த கடலையைப் பாயில் தள்ளிவிட்டு ராமசாமியின் பக்கம் திரும்பினார்.

"உங்களோடது யாருங்க எழுதினது?"

"எதுங்ணா?"

"ஆப்பிளு."

இப்போது சிரித்தார்கள். ராமசாமிதான் அதிகம் சிரித்தான். "அது பச்சை அட்டை எழுதினதுங்ணா. எனக்கும் எழுதுச்சு, இந்தா இவனுக்கும் எழுதுச்சு. வஞ்சனை இல்லாம எல்லாருக்கும் எழுதுச்சு."

"அப்ப அதைத்தானுங்களே பிரின்சிபாலு எழுதிக் குடுக்கச் சொல்றாரு. 'என்னோட எழுத்து அல்ல, இன்னார் எழுதினது'ன்னு. உங்களுக்கு அது நெசந்தானுங்களே. இவருக்குத்தான் அது பொய்யி."

சிரிப்பு ஓரிடத்தில் நின்று, பிறகு வரிசையாக அணைந்தது.

"நோட்டீசு ஒட்டியிருக்குதுங்ணா," என்றான் ஆத்தூர் மாணவன் ஒருவன். "எங்களையும் அனுப்ப மாட்டாங்க. வருசம் போயிரும்."

"ஆமாங்க. போனாலும் போவும்."

"நீங்க சும்மா சொல்லிருவீங்க. உங்களுக்கு என்ன."

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. அதுனாலதான் நான் செய்யுங்கன்னு சொல்லலே. யாரு எழுதினதுன்னு கேட்டேன்."

கீழே மண்டியில் மூட்டையை இழுக்கிற சத்தம் கேட்டது. ராமசாமி தலையைச் சொறிந்தான். கணக்குப் போடுகிறவன் மாதிரி மேலே பார்த்தான்.

"ஒருத்தனை நிறுத்தினா காலேஜுக்குக் கெத்து," என்றான். "எல்லாரையும் நிறுத்தினா பரீட்சைக்கு யாரை அனுப்புவாரு? பியூனையா?"

"உங்கப்பாரு தோலை உரிச்சுருவாருடா," என்றான் ஆத்தூரான்.

"அவரு எப்படியும் உரிப்பாரு. ஒரு தரமாவது நெசத்துக்கு உரிக்கட்டும்." பிறகு அர்த்தநாரியின் தோளில் தட்டி, "ஏய் காலேஜுத் தறி, ஒரு தாளு குடு," என்றான்.

"அவிங்கவிங்க வார்த்தையில எழுதுங்க," என்று இவர் சொல்லிவிட்டு எழுந்து கீழே போய்விட்டார். அவர்கள் எழுதும்போது அந்த இடத்தில் இருக்கக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும்.

ஆத்தூரானும் இன்னும் நான்கைந்து பேரும் எழுதாமல் நழுவினார்கள். மற்றவர்கள் எழுதினார்கள். வராத மீதிப் பேரைக் காலையில் கல்லூரி வாசலில் ராமசாமி பிடித்துக்கொண்டான். நழுவியவர்களும் மற்றவர்கள் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுப்பதைப் பார்த்துவிட்டுத் தனியாக நிற்கப் பயந்து கடைசியில் சேர்ந்துகொண்டார்கள். தைரியம் அப்படியும் வரும். அர்த்தநாரி ஒருவன் மட்டும் வாக்குமூலம் கொடுக்கவில்லை.

மத்தியானம் பியூன் வந்து இவரைக் கூப்பிட்டான். நானும் கூடப் போனேன். முதல்வருக்கு என்னைத் தெரியும்.

"இது செய்தியா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னும் இல்லை," என்றேன். உட்காரச் சொன்னார்.

மேஜைமேல் வாக்குமூலங்கள் அடுக்கியிருந்தன. விரிவுரையாளர் ஜன்னலோரம் நின்றார்.

"நீர் ஸ்ட்ரைக் செய்யத் தூண்டியிருக்கிறீர்," என்றார் முதல்வர்.

"எல்லாரும் வகுப்பில உக்காந்திருக்கறாங்களே."

"இதற்குப் பெயர் என்ன?"

"நீங்க ஒருத்தர்கிட்டக் கேட்டீங்க. மத்தவிங்க எல்லாருமே குடுத்திருக்கறாங்க."

முதல்வர் அந்த அடுக்கிலிருந்து நான்கு தாள்களை உருவி விசிறி மாதிரிப் பிடித்தார். "இதைப் பார்த்தீரா? எல்லாம் ஒரே வாசகம். எழுத்துக்கு எழுத்து. தன்னுடையது அல்ல என்று சொல்வதைக்கூட ஒருவனைப் பார்த்து ஒருவன் எழுதியிருக்கிறான்."

இவர் முகம் சுருங்கியது. அந்தச் செய்தி அவருக்குப் புதிது.

"அவிங்கவிங்க வார்த்தையில எழுதச் சொன்னனுங்க. கேக்கலே," என்றார். அப்புறம், "ஆனா அத்தாட்சிக்கு அது போதுமுங்களே. இவிங்களுக்கு வேற மாதிரி எழுத யாருங்க சொல்லிக் குடுத்தது? ரெண்டு வருசமா இங்கதானுங்களே படிக்கறாங்க."

விரிவுரையாளர் ஜன்னல் பக்கமிருந்து, "அந்தத் துணி வரி," என்றார். "அதை நீர் சொல்லிக் கொடுக்கவில்லையா?"

"இல்லீங்க."

"பிறகு நீர் என்னதான் செய்தீர்?"

"புரியலேன்னு சொன்னனுங்க."

"அவ்வளவுதானா?"

"புரியற வரைக்கும் சொன்னனுங்க."

விரிவுரையாளர் அர்த்தநாரியின் கட்டுரையை மேஜையிலிருந்து எடுத்து மறுபடி படித்தார். முழுவதும் படித்தார். பிறகு அதை முதல்வர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார். அது சம்மதமா சலிப்பா என்று எனக்குத் தெரியாது. முதல்வர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

"எல்லோரையும் அனுப்புகிறேன்," என்றார். "அந்த நெசவுக்காரப் பையனையும் சேர்த்து. ஆனால் நீர் ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அவனை அனுப்புவதற்கில்லை. கல்லூரிக் கமிட்டிக்கு நான் பதில் சொல்ல வேண்டும்."

குமாஸ்தா தயாராக வைத்திருந்த தாளை நீட்டினார். இவர் அதை வாங்கவில்லை.

"வாசிங்க, கேட்டுக்கறனுங்க."

முதல்வர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் வாசித்தார். கீழே கையொப்பமிட்டுள்ள நான், இக்கல்லூரி மாணவர்களுக்கு எவ்விதத்திலும் எழுத்து உதவி புரிவதிலிருந்து இதனால் விலகிக்கொள்கிறேன் என்பது போல் இங்கிலீஷில் நீளமாக ஒரு வாக்கியம். இவர் நாற்காலியில் சற்றுத் திரும்பி ஜன்னலைப் பார்த்துக் கேட்டார்.

"புரியலீங்க," என்றார்.

"எது?"

"எழுத்து உதவின்னா என்னங்க? எழுதிக் குடுக்கறதா, கேக்கறதா?"

"இரண்டும்தான்."

"ரெண்டும் ஒண்ணில்லீங்களே. இது நான் சொல்ற வார்த்தை இல்லீங்க. ஒரு தாளு குடுங்க, நானே எழுதிக் குடுக்கறன்."

குமாஸ்தா தாளும் பேனாவும் கொடுத்தார். இவர் எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி எழுதினார். மூன்று வாக்கியம். எழுதி முடித்ததும் முதல்வரிடம் நீட்டினார். அவர் அதை உரக்கவே வாசித்தார். இந்தக் கல்லூரி மாணவன் எவனுக்கும் நான் ஒரு வரி எழுதித் தந்ததில்லை. இனியும் தரமாட்டேன். அவர்கள் எழுதியதை வாசித்தால் கேட்பதை நிறுத்தமாட்டேன்.

"மூன்றாவதை அடியும்," என்றார் முதல்வர்.

"அதை அடிச்சா மொத ரெண்டும் நான் என்னமோ குத்தம் பண்ணிட்டு ஒப்புக்கிட்டாப்பல படிக்குமுங்க."

"அடிக்காவிட்டால் இதை நான் எப்படி வாங்கிக்கொள்வது?"

"நீங்க வாங்கிக்கலீன்னா அர்த்தநாரி போக முடியாதுன்னு தெரியுமுங்க. தெரிஞ்சுதான் எழுதியிருக்கறன். அவரு பொய்யா ஒரு கையெழுத்துப் போடலே, அவருக்காக நான் எப்படிங்க போடறது?"

முதல்வர் தாளை மேஜைமேல் வைத்து அதன்மேல் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். வெளியே வராந்தாவில் யாரோ இருமினார்கள். கதவிடுக்கில் ராமசாமியின் தலை தெரிந்து மறைந்தது. அதற்குப் பின்னால் இன்னும் பல தலைகள் இருந்தன என்பது சத்தத்தில் தெரிந்தது. முதல்வரும் அதைக் கேட்டார். கடைசியில் பேனாவை எடுத்து, தாளின் மூலையில் 'பெறப்பட்டது' என்று எழுதித் தேதி போட்டார். குமாஸ்தாவைப் பார்த்து, "பட்டியலில் அந்தப் பையன் பெயரையும் சேர்," என்றார்.

இவர் எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். அர்த்தநாரி தூணோரம் நின்றிருந்தான். நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தான் என்று நினைக்கிறேன்.

"மூணாவது பாராவில சந்தை எப்பக் கலைஞ்சதுன்னே இல்லீங்க," என்றார் இவர். "அதை எழுதிக்கிட்டுச் சாயங்காலம் வாங்க."

அன்று சாயங்காலம் மண்டி மாடிப்படியில் செருப்பு விட இடமில்லை.